மஞ்சள் பையில் போகிற ரத்தம்

பிரபு,

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுத எனக்கு இப்போது மனமில்லை. யமுனா ஏன் உன் போனை எடுக்கமாட்டேன் என்கிறாள் என்று முந்தாநாள் கேட்டாய், நேற்றும் கேட்டாய். பதில் சொல்ல நான் வாயைத் திறந்ததும் "அம்மா, மீட்டிங்மா, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டாய். காகிதம் எழுதினால் அப்படி வைக்க முடியாது பார், அதனால்தான் எழுதுகிறேன். இதை நீ ஒளித்துவைத்துப் படிக்க வேண்டியதில்லை. யமுனாவுக்கும் அவள் அம்மாவுக்கும் இதையே படிக்கக் கொடுக்கப் போகிறேன். ஒளித்து ஒளித்து நீ வளர்த்துவிட்ட ஒரு பொய், போன வாரம் பூந்தமல்லி ஆஸ்பத்திரியில் என் முகத்தில் வந்து அறைந்தது. தை மாதம் நடக்க வேண்டிய உன் கல்யாணம் அந்தப் பொய்யால் தொங்கலில் நிற்கிறது. எனக்கு வருகிற கோபத்துக்கு, வெளியூர் வேலைக்குப் போயிருக்கிற நீ எதிரில் இருந்திருந்தால், தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளை என்றுகூடப் பார்த்திருக்கமாட்டேன்.

முதலில் எனக்கு என்ன வியாதி என்பதை உனக்கே ஒருமுறை சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அதன் பெயரை உன் வாயால் சொல்லி நான் இதுவரை கேட்டதே இல்லை. பாலிசைத்தீமியா வெரா. ஊரில் எல்லாருக்கும் ரத்தம் குறைகிறது, எனக்குக் கூடுகிறது. எலும்புக்குள் இருக்கிற மஜ்ஜை சிவப்பணுக்களை நிறுத்தாமல் செய்து தள்ளிக்கொண்டே இருக்கிறது. அதனால் ரத்தம் கெட்டியாகிறது. கெட்டியான ரத்தம் எங்கே வேண்டுமானாலும் அடைத்துக்கொள்ளும், மூளையிலும் அடைக்கும், நெஞ்சிலும் அடைக்கும். இப்படி ஒன்று இருக்கிறது என்று நம் பக்கத்தில் யாருக்குத் தெரியும்? என் முகம் சிவந்து கிடந்ததைப் பார்த்து, ரிடையர் ஆனதும் என்ன களை வந்துவிட்டது பார் என்றார்கள். குளித்துவிட்டு வந்தால் உடம்பெல்லாம் பிய்த்துக்கொள்ளலாம் போல அரிக்கும். சோப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, கடையில் இருக்கிற சோப்பையெல்லாம் மாற்றிப் பார்த்தேன். தலைவலி, அசதி வேறு. அசதி என்றதும் ரத்தம் கம்மி என்று நீயே முடிவு கட்டினாய். இரும்புச்சத்து டானிக், பேரீச்சம்பழம், பீட்ரூட் பொடி என்று பெட்டி பெட்டியாக வீட்டு வாசலுக்கு வந்தது. பிள்ளை பாசமாக வாங்கிக் கொடுத்தது என்று நானும் மூடி மூடியாகக் குடித்தேன். எரிகிற அடுப்பில் எண்ணெயை ஊற்றினோம் நாம் இரண்டு பேரும். அதற்காக எனக்கு உன்மேல் துளிக் கோபம் கிடையாது. அது தெரியாமல் செய்தது.

தெரிந்த நாள் எனக்கு மறக்கவே மறக்காது. ஐயப்பன்தாங்கல் டெப்போவில் பூந்தமல்லிக்குப் போக பஸ் ஏறி உட்கார்ந்திருந்தேன். கண்டக்டர் வந்து எங்கே என்று கேட்டார். பூந்தமல்லி என்கிற பெயர் எனக்குத் தெரிகிறது, மனசுக்குள் கேட்கிறது, வாயில் வரமாட்டேன் என்கிறது. வலது கையில் பிடித்திருந்த பை கீழே விழுந்திருக்கிறது, அது விழுந்ததே எனக்குத் தெரியவில்லை. "இன்னாம்மா, எங்க போணும்னு சொல்லு, பின்னாடி ஆளுங்க நின்னுகினு கீறாங்க" என்று சலித்துக்கொண்டவர், என் முகத்தைப் பார்த்ததும், "யோவ் டிரைவரே, வண்டிய எடுக்காத! இந்தம்மாவுக்கு இன்னாவோ ஆயிக்கீது!" என்று கத்தினார். கொஞ்ச நேரத்தில் பேச்சு வந்துவிட்டது, கையும் வந்துவிட்டது. அவ்வளவுதானே என்று வீட்டுக்குத் திரும்பப் பார்த்தவளை அவர்தான் விடாப்பிடியாக ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அந்த மனிதர் அன்றைக்கு மெனக்கெடாமல் இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுத நான் இருந்திருக்கமாட்டேன்.

அதன் பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரி, மஜ்ஜைப் பரிசோதனை, மரபணுப் பரிசோதனை எல்லாம். ரத்த நோய்களுக்கான டாக்டரம்மா நம் இரண்டு பேரையும் எதிரில் உட்காரவைத்துப் பொறுமையாகச் சொன்னார். ரத்தப் புற்று வகையைச் சேர்ந்தது, ஆனால் மெதுவாகப் போகிறது. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் பல வருஷம் நன்றாகவே இருக்கலாம். பெற்றவளிடமிருந்து பிள்ளைக்குச் சாதாரணமாகப் போகிற நோய் இல்லை, வாழ்கிற காலத்தில் மஜ்ஜையில் உண்டாகிற கோளாறு. தினமும் சின்ன ஆஸ்பிரின், கூடவே ஒரு கேப்ஸ்யூல், நிறையத் தண்ணீர். அளவு ஏறும்போதெல்லாம் ஒரு பை ரத்தத்தை எடுத்துவிட வேண்டும். சொந்த யோசனையில் இரும்புச்சத்து மருந்து பக்கம் போகவே கூடாது. இவ்வளவையும் நான் காது கொடுத்துக் கேட்டேன். நீ 'புற்று' என்ற சொல்லோடு நின்றுவிட்டாய். திரும்பி வரும்போது ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நீ அழுதாய். நான் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருந்தேன். அந்த அழுகைக்காகத்தான் இத்தனை நாள் உன்னைப் பொறுத்துப் போனேன், தெரிந்துகொள்.

முதல் தடவை ரத்தம் எடுத்த அன்று நீ கூட வந்தாய். ஊசி தடியாக இருக்கும், என் ரத்தம் வேறு கூழ் மாதிரி மெதுவாகத்தான் இறங்கும். எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வருகிறது, நீ போனை நீட்டிக்கொண்டு "அம்மா, ஒரு நிமிஷம் சிரிம்மா" என்கிறாய். பிள்ளைக்குத் தைரியம் வரட்டும் என்று நானும் சிரித்துத் தொலைத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அது உன் வாட்ஸப் ஸ்டேட்டஸில் நிற்கிறது. 'ரத்த தானம் செய்யும் என் அம்மா, என் பெருமை!' என்னடா இது என்று கேட்டேன். "ஆஸ்பத்திரின்னு போட்டா ஆளாளுக்கு ஆயிரம் கேள்வி கேப்பாங்கம்மா. இது பாசிட்டிவா இருக்கு" என்றாய். பாசிட்டிவாம்! நம் குடியிருப்பில் லிப்டில் பார்க்கிறவர்களெல்லாம் கையெடுத்துக் கும்பிட ஆரம்பித்தார்கள். எனக்குக் கூசிப் போய் நாலு மாடி படியேறி வர ஆரம்பித்தேன். நீ விட்டாயா? ஒவ்வொரு தடவை ரத்தம் எடுக்கும்போதும் ஒரு படம், ஒரு ஸ்டேட்டஸ்.

எனக்கு எது பொறுக்கவில்லை தெரியுமா? ரத்த தானம் செய்தவர் இந்த வீட்டில் ஒருத்தர் இருந்தார். உன் அப்பா. ஆவடி குவார்ட்டர்ஸில் இருந்தபோது நான் வேலை பார்த்த உடைத் தொழிற்சாலையில் ரத்த தான முகாம் போட்டால் முதல் ஆளாகப் போய்ப் படுப்பார். அங்கே கொடுக்கிற பிஸ்கட் பாக்கெட்டைத் தான் தின்னாமல் சட்டைப்பையில் வைத்து உனக்குக் கொண்டுவருவார். நீ கிரீமை மட்டும் நக்கிவிட்டு பிஸ்கட்டை அவர் வாயில் திணிப்பாய். யாருக்குக் கொடுத்தார், எவர் பிழைத்தார் என்று அவருக்கும் தெரியாது, யாரும் அவரைக் கும்பிட்டதும் இல்லை. அவர் போய்ச் சேர்ந்த பிறகு அவருடைய அந்த நல்ல பெயரை உரித்து என் வியாதிக்குச் சட்டையாகப் போட்டுவிட்டாய். இதைச் செய்ய உனக்கு எப்படிடா மனசு வந்தது? நான் தொழிற்சாலையில் வேலை பார்த்தது தைத்த உருப்படிகளைச் சரிபார்க்கிற பிரிவில். ஒரு தையல் விட்டிருந்தாலும் மொத்தத்தையும் திருப்பி அனுப்பிவிடுவேன், மேலதிகாரி வந்து நின்றாலும் சரி. என் பிள்ளை இவ்வளவு பெரிய ஓட்டையை வைத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறான், அதை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

திருமழிசையில் பெண் பார்க்கப் போன நாளைச் சொல்லவே வயிறு எரிகிறது. யமுனாவின் அம்மா கேசரித் தட்டை என் கையில் கொடுத்துவிட்டு, "உங்க பையன் ஸ்டேட்டஸ்லாம் பாத்தோம் சம்பந்தி. இந்தக் காலத்துல ரத்தம் குடுன்னா ஓடிப் போறவங்கதான் ஜாஸ்தி. நீங்க இன்னாடான்னா மாசா மாசம் குடுக்கறீங்களாமே! இன்னா மனசு!" என்றார். இல்லம்மா, அது வேற விஷயம் என்று ஆரம்பித்தேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்து அழுத்தினாய். "அம்மாவுக்குப் பெருமை பேசினாப் பிடிக்காது" என்று நீயே பேச்சை முடித்தாய். எல்லாரும் இன்னும் உருகிப் போனார்கள். யமுனாவின் சித்தப்பா அந்தப் பேட்டைச் சங்கத்தில் தலைவர் வேறு. ரிசப்ஷன் மேடையில் எனக்குப் பொன்னாடை போர்த்தப் போவதாகவும், வாசலில் என் படம் போட்டு ஃபிளெக்ஸ் வைக்கப் போவதாகவும் அங்கேயே அறிவித்துவிட்டார். ஷேர் ஆட்டோவில் திரும்பி வரும்போது, கல்யாணம் முடியட்டும் நானே சொல்லிக்கறேன் என்றாய். கல்யாணம் முடிந்தபின் சொல்வதற்குப் பெயர் சொல்வதா? அது மாட்டிவிட்டுச் சிரிப்பது.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன். யமுனாவின் அப்பாவை நெடுஞ்சாலை ஓரத்தில் வேன் இடித்துத் தொடை எலும்பு உடைந்ததும், பூந்தமல்லி ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் உனக்குத் தெரியும். ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம் கொடுக்க இரண்டு பேரைக் கூட்டி வாருங்கள் என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். சித்தப்பா அன்று மாலையே கொடுத்துவிட்டுப் போய்விட்டார். இன்னொரு ஆள் யார்? மாதா மாதம் கொடுக்கிற மகராசி இருக்கிறாளே, நான்! யமுனா எனக்குப் போன் செய்து, "அத்தை, தப்பா நெனச்சுக்காதீங்க, நாளைக்குக் காலைல வர முடியுமா?" என்று கேட்டாள்.   உடனே உன்னைக் கூப்பிட்டேன். இப்போதாவது அவளிடம் சொல்லிவிடு என்று கெஞ்சினேன். நீ என்ன சொன்னாய்? "ஜுரம்னு சொல்லிடும்மா. அவங்க வேற யாரையாவது பாத்துப்பாங்க." உடைந்த காலோடு ஒரு மனிதர் படுத்திருக்கிறார், உனக்கு உன் ஸ்டேட்டஸ் கலையக் கூடாது. நான் ஜுரம் என்று சொல்லிச் சமாளித்துவிட்டதாகத்தான் நீ இந்த நிமிஷம் வரை நினைத்துக்கொண்டிருக்கிறாய். நான் அப்படிச் சொல்லவில்லை. போனில் சொல்கிற விஷயமும் இல்லை என்று விடிந்ததும் கிளம்பி நேரிலேயே போனேன்.

ரத்த வங்கி வாசலில் யமுனாவும் அவள் அம்மாவும் எனக்காகக் காத்திருந்தார்கள். அம்மா கையில் இளநீர். கொடுத்து முடித்ததும் நான் குடிக்க வேண்டுமாம், வெட்டி வாங்கி வைத்திருக்கிறார். "வந்துட்டீங்களா சம்பந்தி! நீங்க கீறீங்கன்ற தைரியத்துலதான் நான் வேற யாரையும் கேக்கல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். பிரபு, அந்த இடத்தில் பூமி பிளந்து என்னை விழுங்கியிருந்தால் சந்தோஷமாகப் போயிருப்பேன். உள்ளேயிருந்து ஒரு பெண் வந்து, "கடைசியா எப்பம்மா குடுத்தீங்க? மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா?" என்று கேட்டாள். "நான் குடுக்க வரலம்மா, சொல்ல வந்தேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டு யமுனா பக்கம் திரும்பினேன். "நான் ரத்த தானம் பண்றவ இல்ல யமுனா. எனக்கு ரத்தத்துல வியாதி. அளவுக்கு மேல ஊறுது, அதான் எடுக்கறாங்க. எடுத்தத யாருக்கும் ஏத்த மாட்டாங்க. மஞ்சள் பையில போட்டுக் கட்டி, ஆஸ்பத்திரிக் குப்பையோட எரிக்க அனுப்பிடுவாங்க. உங்கப்பாவுக்கு என் ரத்தம் ஆகாதும்மா."

அவள் அம்மா இளநீரைப் பெஞ்சில் வைத்தார். "இன்னா சம்பந்தி சொல்றீங்க? அப்போ ஸ்டேட்டஸ்ல வந்ததெல்லாம்?" என்று கேட்டார். உங்கள் மாப்பிள்ளை போட்டது என்றேன். வேறு என்ன சொல்லச் சொல்கிறாய்?  யமுனா சட்டென்று சுடிதார் கையை மேலே மடித்துவிட்டு, என்னிடமிருந்து எடுங்கள் என்று உள்ளே போனாள். விரலில் குத்திப் பார்த்துவிட்டு, "உங்களுக்கே ரத்தம் கம்மியா இருக்கேம்மா, எடுக்க முடியாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவளுக்குப் போதவில்லை, எனக்கு வழிகிறது, ஒருத்திக்கு ஒருத்தி உதவ வழியில்லை. இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்து யார் யாருக்கோ போன் போட்டோம். செம்பரம்பாக்கத்தில் அவள் வேலை பார்க்கிற கோடவுனிலிருந்து லாரி ஓட்டுகிற ஒருவர் வந்து கொடுத்தார். அதற்குள் அறுவை சிகிச்சை டாக்டர் வேறு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். ஆபரேஷன் மறுநாளைக்குத் தள்ளிப்போனது. பாவம் அந்த மனிதர், பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு பகலும் இரவும் கிடந்தார். நான் வார்டுக்குள் போனபோது, "வந்துட்டீங்களா சம்பந்தி, உங்களுக்குத்தான் ரொம்ப செரமம்" என்று என்னிடம் சொன்னார். அந்த ஒரு வார்த்தையை உன்னால் ஜீரணிக்க முடிகிறதா பார்.

நீ எந்தக் கேள்விக்குப் பயந்து இவ்வளவும் செய்தாயோ, அந்தக் கேள்வியை யமுனாவின் அம்மா அன்றைக்கே கேட்டுவிட்டார். "இது பரம்பரையா வர்ற நோவா சம்பந்தி?" டாக்டரம்மா சொன்னதை அப்படியே சொன்னேன், புற்று வகை என்பதையும் விடாமல் சொன்னேன். சந்தேகம் இருந்தால் என்னோடு வந்து நீங்களே டாக்டரிடம் கேளுங்கள் என்றும் சொன்னேன். அவர் முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு, "இத மின்னாடியே சொல்லிருந்தா கேட்டுகினு சரின்னு இருந்திருப்போமே. எங்க ஊட்ல மட்டும் நோவு நொடி இல்லியா?" என்றார். அவ்வளவுதான் பிரபு. நீ மலை என்று பயந்தது அவ்வளவுதான்.  யமுனா பஸ் ஸ்டாண்டு வரை என்னோடு நடந்து வந்தாள். பஸ் வந்து நின்ற பிறகு கேட்டாள்: "அத்தை, பெத்த அம்மாவோட வியாதிக்கே அவரு வேற பேர் வெச்சிட்டாரு. நாளைக்கு எனக்கு ஒண்ணு வந்தா என்ன பேர் வெப்பாரு?"

 உன்னை விட்டுக்கொடுக்காமல் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நாக்கைப் புரட்டிப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. டெப்போவில் அன்றைக்குப் பேச்சு நின்றதே, அது வியாதி. பஸ் ஸ்டாண்டில் நின்றது உன்னால். இதுதான் அவள் உன் போனை எடுக்காததற்குக் காரணம். கல்யாணம் வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை, வேண்டும் என்றும் சொல்லவில்லை. அடுத்த புதன்கிழமை எனக்கு ரத்தம் எடுக்கும்போது தானும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். எனக்கு எந்த மாத்திரை, எது ஆகாது, திடீரென்று வாய் குழறினால், ஒரு பக்கம் மரத்துப் போனால், அதுவே சரியாகிவிட்டாலும்கூட ஒரு நிமிஷம் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். நீ ஒருநாளாவது கேட்டாயா? எனக்கு ஸ்டேட்டஸ் வேண்டாம் பிரபு. குளித்துவிட்டு நான் அரிப்பில் துடிக்கும்போது என்னம்மா என்று கேள். தண்ணீர் குடித்தாயா என்று கேள். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல்லி அழு, நானும் கூட உட்கார்ந்து அழுகிறேன். எனக்கும் பயம்தான். ஆனால் என் வியாதி வெட்கப்படுகிற விஷயம் இல்லை. அதை நீ வெட்கமாக ஆக்கினாய் பார், அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. யமுனாவின் சித்தப்பாவுக்கு மட்டும் இன்னும் எதுவும் தெரியாது. ரத்தம் கொடுக்கிற ஆளை மாற்றியாச்சு என்று மட்டும்தான் யமுனா அவரிடம் சொல்லியிருக்கிறாள், மீதியை உங்க பையனே சொல்லட்டும் அத்தை என்கிறாள். சித்தப்பா நேற்று எனக்குப் போன் செய்தார். "சம்பந்தி, ஃபிளெக்ஸ் ரெடி ஆயிகினு கீது. உங்க போட்டோவ பெருசா வெச்சு, கீழ 'குருதிக் கொடைச் செம்மல்'னு போடச் சொல்லிக்கிறேன். வேற எதுனா சேக்கணுமா?" என்றார். எனக்கு வந்த சிரிப்பில் அழுகையும் கலந்து வந்தது. "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அந்தப் பட்டம் குடுத்தது உங்க மாப்பிள்ளை. என்ன போடணும்னு அவனையே கேளுங்க" என்று சொல்லி உன் நம்பரைக் கொடுத்திருக்கிறேன். அவர் உன்னைக் கூப்பிடும்போது யமுனா பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள், ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருப்பாள். இது உன்னை மாட்டிவைக்கிற வேலை இல்லை, முன்கூட்டியே சொல்லிவிட்டேன். பாலிசைத்தீமியா வெரா. நாக்கு சுளுக்கினால் இரண்டு தடவை சொல்லிப் பழகிக்கொள்.

அவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுவார். ஞாயிற்றுக்கிழமை உனக்கு மீட்டிங் கிடையாது.

அம்மா